செண்பகவடிவின் பங்கு

பயன்பாட்டுக் கணிதத் துறையில், கணினிக்குப் பதில் ஆட்களை உட்காரவைத்து நடத்தும் நரம்பு வலைப்பின்னலில் செண்பகவடிவுக்கு மூன்றாம் வரிசை, ஏழாவது நாற்காலி. பேராசிரியரோடு சேர்த்து மொத்தம் நாற்பத்திரண்டு பேர் துறை அரங்கில் வரிசை வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஆளுக்கொரு சிலேட்டு, அதில் அவரவர் எடை, அதாவது அவர் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு என்ற எண், சாக்பீஸில் எழுதியிருக்கும். முன்வரிசை ஜன்னல் வழியாகப் பக்கத்துப் பள்ளிக்கூட முற்றத்தைப் பார்க்கும். அங்கே நாலாம் வகுப்புப் பிள்ளைகள் தரையில் கட்டம் போட்டு ஆடுபுலி ஆட்டம் ஆடுவார்கள். ஆடுகள் பிள்ளைகளுக்கு, புலிகள் வலைப்பின்னலுக்கு. முன்வரிசை பார்த்ததை எண்ணாக்கிப் பின்னால் சொல்லும். அவரவர் அதைத் தம் எடையால் பெருக்கி அடுத்த வரிசையின் காதில் போடுவார்கள். கடைசியில் தனியாக உட்கார்ந்திருக்கும் பேராசிரியர் ஞானசிகாமணி, புலியை எங்கே நகர்த்துவது என்று மைக்கில் சொல்வார். விளையாடி விளையாடிப் பிள்ளைகளுக்குக் கணக்கு வர வேண்டும், ஆய்வின் நோக்கம் அதுதான்.

புலிகள் தோற்றால் கடைசி வரிசையில் ஒரு தப்பு வந்து உட்காரும். நனைந்த அரிசி மூட்டையின் கனம். பேராசிரியர் வழிகாட்டி என்பதால் அவருக்கு அதில் பங்கு கிடையாதாம்; அது எந்த ஊர் நியாயமோ. முன்னால் தள்ளிவிடுவார். ஒவ்வொருவரும் தம் பங்கை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, சிலேட்டில் எடையைக் குறைத்து எழுதி, மிச்சத்தை முன்வரிசைக்குக் கொடுப்பார்கள். எடை பூஜ்யமானால் நாற்காலி போய்விடும், ஆய்வுப் பட்டமும் அதோடு போய்விடும். பங்கை வாங்க மறுத்தாலும் பூஜ்யம்தான். செண்பகவடிவின் ஐந்து வருஷ ஆய்வேடு கடைசிக் கையெழுத்துக்காகக் காத்திருந்தது.

பத்தொன்பதாவது நாளும் பிள்ளைகள் புலிகளை அசையவிடாமல் அடைத்துவிட்டார்கள். தப்பு வந்தது. நாலாம் வரிசை இசக்கிமுத்து வழக்கம்போல அவள் பங்கை நீட்டினார். அவள் கையைக் கட்டிக்கொண்டாள்.

"இத நான் வாங்க மாட்டேன் சார்."

"எல்லாரும் வாங்குதாங்க. உனக்கு மட்டும் என்னம்மா வந்திச்சு?" என்றார் பேராசிரியர்.

"புள்ளைகளுக்குக் கணக்கு வரணும்னுதான ஆடுதோம்? அதுக ஜெயிச்சா எப்படி சார் தப்பாகும்?"

பேராசிரியர் எழுந்து வந்து அவள் சிலேட்டை அழித்துப் பூஜ்யம் போட்டார். நாற்காலியை எடுத்தார்கள். அவள் அதே இடத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். ஐந்து வருஷம், சும்மாவா? ஆனாலும் கையை நீட்டவில்லை.

இசக்கிமுத்துவுக்குக் கை வலித்தது. அவள் பங்கைக் கீழே வைத்தார். கொஞ்சம் யோசித்து, தம் மடியிலிருந்த பங்கையும் அதன்மேல் வைத்தார்.

"எனக்கும் வேண்டாம் சார். இம்புட்டு நாள் வாங்கினதே பெரிசு."

அப்புறம் மற்ற முப்பத்தொன்பது பேரும் ஒவ்வொருவராக வந்து இறக்கிவைத்துவிட்டுப் போனார்கள். முழுசாகச் சேர்ந்ததும் தப்பு எழுந்து நின்றது. வாங்கிக்கொள்ள ஆளில்லாத இடத்தில் அதற்கென்ன வேலை? ஜன்னல் வழியாக இறங்கிப் பள்ளிக்கூடத்துக்குப் போனது.

மறுநாள் காலை தலைமையாசிரியை பாத்திமுத்து, சேர்க்கைப் படிவத்தோடு அரங்குக்கு வந்தார்.

"நேத்து இங்கேருந்து வந்த பிள்ளைய நாலாம் வகுப்புல சேத்திருக்கோம் சார். தங்கமான பிள்ளை. தெரியலன்னா தெரியலன்னு சொல்லிருது. அப்பா பேருதான் எழுதாம இருக்கு."

பேராசிரியர் நாற்பத்தோரு பேரையும் பார்த்தார். நாற்பத்தோரு பேரும் அவரைப் பார்த்தார்கள். செண்பகவடிவு தரையிலிருந்து எழுந்து பேனாவை நீட்டினாள். அவர் தம் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். தப்பு தம்முடையது என்று எழுதிக் கொடுத்த பிறகு, இன்னொருத்தி சிலேட்டில் பூஜ்யம் நிற்க வழியில்லை. அதையும் அவரே அழித்தார்.

"அப்படியே இதுலயும் போட்ருங்க சார்," என்று அவள் ஆய்வேட்டை நீட்டினாள். போட்டார்.

"வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். அம்மாவும் வரணும்," என்றார் பாத்திமுத்து.

பேராசிரியர் வீட்டுக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னார். அவர் மனைவி, பிள்ளை யார் சாடை என்று மட்டும் கேட்டார்.