லைன் வீட்டு விலாசம்

விடியுமுன்பே திரினிதாத் ஆனைக்கற்றாழையின் முள்மடல்களுக்குள் குனிந்திருந்தான். நடுக்குழியில் ஊறிய சாற்றை நீண்ட சுரைக்குடுவையால் உறிஞ்சித் தோல்பையில் ஊற்றினான். இரும்புக் கரண்டியால் குழியைச் சுரண்டினான். தினம் இரண்டு வேளை சுரண்டாவிட்டால் ஊற்று அடைந்துபோகும். அந்தச் சாறு புளித்தால்தான் மெக்சிகோ நகரத்துக் கடைகளில் கள்.

புரட்சி ஜெயித்து ஏழு வருஷமாயிற்று. பழைய எசமான் ஓடிப்போனான். அவன் நாற்காலியில் இப்போது ஜெனரல் அர்செனியோ. சவுக்கு போயிற்று, அவ்வளவுதான். வேலைக்கு அழைக்கும் மணி அதே மணி.

பண்ணை வாசலில் ஜெனரல் ஒரு கடிதத்தை ஆட்டினார்.

"என்னடா திரினி, நிலம் கேட்டு மனுவா?"

"நிலம் தரேன்னுதானே எங்க கையில துப்பாக்கியக் குடுத்தீங்க?"

"சட்டம் தெரியுமாடா? பண்ணை வீட்டுல குடியிருக்கிற கூலிக்கு நிலம் கேக்க உரிமையில்ல, தனி ஊருக்குத்தான் உண்டு. நீ மனுவுல பெருமையா 'பண்ணைக் கூலி லைன் வீடு'ன்னு விலாசம் எழுதியிருக்கே!" வயிறு குலுங்கச் சிரித்தார். "நாளைக்குக் காலையில வீட்டைக் காலி பண்ணு. மத்தவன் வாயப் பொத்திக்கிட்டு இருந்தா இருக்கலாம்."

திரினிதாத் கூனிக் குறுகிப் போனான். விலாசம் இருந்தால்தான் மனுஷனாக மதிப்பார்கள் என்று அவன்தான் மனு எழுதிக் கொடுத்தவரிடம் அதை எழுதச் சொன்னான். உள்ளே இருந்தால் நிலமில்லை. வெளியே போனால் கூரையில்லை.

வீட்டில் அம்மியில் சோளம் அரைத்துக்கொண்டிருந்த அவன் மனைவி எவோதியா நடந்ததைக் கேட்டுவிட்டுக் கையை நிறுத்தினாள்.

"நாம மட்டும் வெளிய போனா பிச்சைக்காரங்க. லைன்ல இருக்கிற நாப்பது குடும்பமும் போனா?"

அவன் அவளையே பார்த்தான். "ஊருடி! அது ஒரு ஊரு!"

அன்று மாலை வீடு வீடாய்ச் சொன்னான். யாரும் பிடிகொடுக்கவில்லை.

மறுநாள் எவோதியா அம்மியை முதுகில் கட்டிக்கொண்டு புறப்பட்டாள்.

"எங்கக்கா போறே?" என்றாள் பக்கத்து வீட்டு நசாரியா, நாலு பிள்ளைக்காரி.

"விலாசத்த மாத்த."

"மழை வந்தா?"

"நனைவோம்."

நசாரியா கதவைச் சாத்திக்கொண்டாள். ரயில் பாதையோரத்துப் புறம்போக்கில் திரினிதாத் தன்னந்தனியாக நாலு கம்பு நட்டான்.

வேலை மணி அடித்தது. வயலுக்கு ஒருவரும் போகவில்லை. மேட்டுப் பாதையில் அம்மி சுமந்து நசாரியா வந்தாள், பின்னால் பிள்ளைகள். அவர்களுக்குப் பின்னால் லைன் முழுக்க.

ஜெனரல் குதிரையில் பாய்ந்து வந்தார். "கத்தாழையெல்லாம் அடைஞ்சு போகும்டா!"

"நாங்க வெளியூர்க்காரங்க ஜெனரல்," என்றான் திரினிதாத். "கூலி பேசிக் கூப்பிடுங்க."

மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. ஒரு கூரைகூட ஏறவில்லை. புது மனு தயார். விலாசத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். ஊருக்கு என்ன பேர் வைப்பதென்று பெண்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.