பன்னிரண்டு குப்பிகள்

கிடுக்கி வந்துவிட்டது.

கால்நடை டாக்டரம்மாவின் உதவியாளர் அதை வெந்நீரில் கழுவித் துடைத்து, எங்கள் சந்தின் நடுவில் கிடந்த பலகையில் வைத்தார். காயடிக்கும் கிடுக்கி. கத்தி கிடையாது, ரத்தம் வராது. தோலுக்கு மேலேயே வைத்து, உள்ளே இருக்கும் நரம்பை நசுக்கிவிடும். ஒரு பக்கம் ஒரு தடவை, மறு பக்கம் ஒரு தடவை. அதற்குப் பிறகு அந்தக் கிடாவால் குட்டி உண்டாகாது.

இன்று மூன்று கிடாக்கள். மூன்றுக்கும் காரணம் நான். அது இந்தச் சந்தில் ஒருத்திக்கும் தெரியாது.

நான்கு வருடமாக இங்கே எல்லோருக்கும் நான்தான் ஊசியக்கா. டாக்டரம்மா பழக்கிவிட்ட ஆள். தோளில் சிவப்புப் பை, அதில் தடுப்பூசி, புண்ணுக்கு மருந்து. அந்தப் பை வந்த பிறகுதான் என் மாமியார்கூட என்னை மரியாதையாகக் கூப்பிட ஆரம்பித்தார்.

நான்கு மாதத்துக்கு முன்னால் டாக்டரம்மா ஆடுகளிடம் ரத்தம் எடுக்க இருபது குப்பிகளைக் கொடுத்தார். "ஒரு கொட்டில்ல ரெண்டு ஆட்டுக்கு மேல எடுக்காத. தாயும் மகளும் வேண்டாம். ஒண்ணுக்கொண்ணு சொந்தமில்லாத ஆடா பார்த்து எடு. நம்ம நாட்டு ஆடுங்க ரத்தத்துல எத்தனை விதம் மிச்சம் இருக்குன்னு தெரியணும்" என்றார்.

எட்டுக் குப்பி நிரப்புவதற்குள் விடிந்து வெகுநேரம் ஆகிவிட்டது. மற்ற ஆடுகளெல்லாம் மேய்ச்சலுக்குப் போய்விட்டன. பெட்டியில் ஐஸ் உருகுகிறது, பத்து மணிக்கு வண்டி வருகிறது. என் கொட்டிலில் மட்டும் எல்லாம் நின்றுகொண்டிருந்தன, குளம்பில் புண். தாய் ஆடு சீமாட்டி, அவள் மகள்கள், மகள்களின் மகள்கள். ஆடு ஆடுதானே, ரத்தம் ரத்தம்தானே என்று மீதிப் பன்னிரண்டையும் அங்கேயே நிரப்பி, மேலே அடுத்த வீட்டுக்காரர்களின் பெயர்களை எழுதி ஒட்டினேன். அன்றைக்கே என்னைச் செருப்பால் அடித்திருக்க வேண்டும்.

போன மாதம் முடிவு வந்தது. டாக்டரம்மா சந்தில் எல்லோரையும் கூட்டி உட்காரவைத்துச் சொன்னார். "உங்க ஆட்டுல பாதிக்கு மேல ஒரே குடும்பமா போயிருச்சு. அண்ணன் தங்கச்சிக்குள்ளயே கலந்துட்டே இருக்கு. இப்படியே விட்டா குட்டி சவலையா பிறக்கும். ஒரு நோய் வந்தா மொத்தமா வாரிட்டுப் போயிரும். பழைய கிடாவையெல்லாம் காயடிச்சு நிறுத்திட்டு, வெளியிலிருந்து பெரிய கிடா கொண்டுவரலாம்."

நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன். அன்றிலிருந்து ஒரு வாய்ச் சோறு ஒழுங்காக இறங்கவில்லை. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டாலே கொல்லைப்பக்கம் போய்விடுவேன். சொன்னால் பை போய்விடும், மானம் போய்விடும். சொல்லாவிட்டால் ஒற்றைக்கொம்பன் போய்விடுவான்.

ஒற்றைக்கொம்பன் எதிர்வீட்டுத் தையல்காரியின் கிடா. கறுப்பு, மடங்கிய காது, பார்க்கச் சகிக்காத மூஞ்சி. ஆனால் போன மழையில் வயிற்றில் பூச்சி விழுந்து சந்தில் பாதி ஆடுகள் செத்தபோது, அவனுக்குப் பிறந்த குட்டி ஒன்றுகூடச் சாகவில்லை. அவளுக்கு இருப்பது ஒரு தையல் மெஷின், ஐந்து ஆடுகள், அவன். புருஷன் போய் ஆறு வருடமாகிறது.

நேற்று அவள் என் வீட்டுக்கு வந்தாள். "அக்கா, நீதானே ரத்தம் எடுத்த? நிஜமாவே அப்படித்தானா?"

"டாக்டரம்மா சொல்றாங்கல்ல."

"அவங்களை எனக்கு என்ன தெரியும்? நீ சொல்லுக்கா."

"ஆமா" என்றேன். பாவி, வாய் கூசவில்லை.

இப்போது முதலில் அவனைத்தான் கொண்டுவந்தார்கள். பின்னங்காலைப் பிடிப்பது என் வேலை. உதவியாளர் தடவிப் பார்த்து, கிடுக்கியை இடது பக்கம் வைத்து அழுத்தினார். டக்கென்று ஒரு சத்தம். அவன் கத்திய கத்தலில் சந்தே நின்றது. கால் என் கைக்குள் வெடவெடவென்று ஆடியது. தையல்காரி சுவர்ப்பக்கம் திரும்பி, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள்.

கிடுக்கி வலது பக்கம் போனது.

"நிறுத்துங்க! ஐயோ, நிறுத்துங்க!" அது என் குரல்தான். "அந்த ரத்தம் இவனோடதும் இல்ல, இவன் சொந்தபந்தத்தோடதும் இல்ல. பன்னிரண்டும் என் கொட்டில்லயே எடுத்தது!"

உதவியாளர் கையை எடுத்தார். டாக்டரம்மா என்னையே பார்த்தார். "பேர் எழுதியிருந்ததே?"

"நான்தான் பொய்யா எழுதினேன்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. என் தோளிலிருந்து பையைத் தானே கழற்றி எடுத்துக்கொண்டார். பிறகு குனிந்து ஒற்றைக்கொம்பனைத் தடவிப் பார்த்தார். "ஒரு பக்கம் தப்பிச்சிருக்கு. வீக்கம் அந்தப் பக்கமும் பரவாம இருந்தா இவனால குட்டி உண்டாகலாம். உறுதியா சொல்ல முடியாது" என்றார்.

உதவியாளர் வீடு வீடாகப் போய்த் திரும்ப ரத்தம் எடுத்தார். ஒரு மாதத்தில் முடிவு வந்தது. சந்து ஆடுகள் விதவிதமாகத்தான் இருந்தன. அதிலும் ஒற்றைக்கொம்பனின் ரத்தம், இதுவரை அவர்கள் பார்த்த எந்த ஆட்டோடும் சேரவில்லையாம். அவன் குட்டிகளிலும் கிடா ஒன்றுகூட மிஞ்சவில்லை, எல்லாவற்றையும் கறிக்கு விற்றாயிற்று. அவனை விட்டால் அந்த ரத்தத்தைக் கொண்டுபோக வேறு கிடா இல்லை.

வீக்கம் வடிந்தது. தையல்காரி என்னோடு பேசுவதில்லை. சீமாட்டி கிடாவைத் தேடிக் கத்திய அன்று, ஒற்றைக்கொம்பனோடு சேர்க்க நானாகத்தான் அதை அவள் வாசலுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். அவள் படலைத் திறந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு நாள் எண்ணுவதுதான் என் பிழைப்பு. சினை பிடிக்காவிட்டால் மூன்று வாரத்தில் ஆடு மறுபடி கிடாவைத் தேடிக் கத்தும். பதினெட்டாம் நாளிலிருந்து, அது செருமினாலும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

இருபத்தோராம் நாள் காலையில் கொட்டிலில் உட்கார்ந்திருந்தேன். சீமாட்டி நிதானமாகத் தழை மென்றுகொண்டிருந்தது. படலுக்கு வெளியே ஆள் நிழல்.

"கத்துச்சா?" தையல்காரி கேட்டாள். இரண்டு மாதத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

"இல்ல."

அவள் உள்ளே வந்து சீமாட்டியின் வயிற்றைத் தடவினாள், இப்போது தடவினால் ஒன்றும் தெரியாது என்று தெரிந்தும். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நிஜமாத்தானே சொல்ற?"

ஆமா என்று சொல்ல வாய் வரவில்லை. நகர்ந்து அவளுக்கு இடம் விட்டேன். "நீயே உட்கார்ந்து கேளு" என்றேன்.

உட்கார்ந்தாள். மத்தியானம்வரை இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த ஆட்டின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.