வானவடியில் வண்டிகள் திரும்பிய விவரம்

வரலாற்றாசிரியர்களும் மானுடவியல் பேராசிரியர்களும் கையிலிருக்கும் டீயைக் கீழே வைத்துவிட்டுக் கவனிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்: புனே நகரத்து மக்கள் ஆதியில் எங்கிருந்து வந்தவர்கள் என்ற கேள்விக்கு, வானவடியில் ஒரு குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்தில் தீர்ப்பு கிடைத்துவிட்டது. தினமும் ஊரே கடையடைத்துத் தூங்கும் பகல் ஒரு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில், அங்கிருந்த இருசக்கர வாகனங்கள் ஸ்டாண்டோடு தாமாகச் சுழன்று, சொந்தக்காரரின் முன்னோர் ஊர் எந்தத் திசையோ அதைப் பார்த்து நின்றன. லாத்தூர் வாத்தியாருடையது கிழக்கே, ஜோத்பூர் துணிக்கடைக்காரருடையது வடக்கே, கோழிக்கோட்டு நர்ஸுடையது தெற்கே. சத்தம் கிடையாது, பெட்ரோலும் குறையவில்லை.

இதில் மகிழ்ந்தவர், மராத்தி வழக்கப்படி எல்லோருக்கும் 'காக்கா', அதாவது சித்தப்பாவான, குடியிருப்புச் செயலாளர் லிமயே காக்கா ஒருவர்தான். பதினான்கு தலைமுறையாகப் புனே தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் குடிக்காத வம்சம் என்பது அவர் கட்சி. வண்டி திரும்பினால் வந்தேறி, வந்தேறிக்கு வாடகை ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது, ஞாயிறு மாலை பரிசோதனை என்று மூன்று மொழியில் நோட்டீஸ் ஒட்டினார்.

இரண்டாம் மாடியில் பத்தொன்பது வருடமாக வாடகைக்கு இருந்த ஆரோக்கியசாமிக்குச் சோறு இறங்கவில்லை. கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆரணியிலிருந்து பட்டாளத்தோடு புனேவுக்கு வந்தவர் அவருடைய தாத்தா. ஆரோக்கியசாமி ஆரணியைப் பார்த்ததே இல்லை. அவருடைய ஸ்கூட்டர்தான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தது. ஒப்பந்தம் முடிய மூன்று வாரம். பிரசவத்துக்கு வந்திருந்த மகள் ஷீலாவுக்கோ எட்டாம் மாதம்.

"செயின் போட்டுக் கட்டுங்கன்னு சொன்னேனே," என்றாள் மனைவி சாந்தகுமாரி.

"கட்னேன். செயினயும் இழுத்துக்கினு திரும்பிடுச்சி."

"அப்டியே உங்க வீட்டுப் புத்தி."

ஞாயிறு மாலை காக்கா திசைகாட்டியோடு வந்து ஒவ்வொரு வண்டியாகக் குறித்துக்கொண்டார். திரும்பாத வண்டிக்கு உதாரணம் காட்ட, தசரா பூஜைக்கு மட்டும் திறக்கும் தன் தகரக் கொட்டகையைத் தேங்காய் உடைத்துத் திறந்தார். அவருடைய வண்டி மேற்குச் சுவரைக் கிழித்துக்கொண்டு, கொங்கணக் கடலை நோக்கிப் பாதி உடம்பை வெளியே நீட்டியிருந்தது. முன்சக்கரத்தில் ஈர மணலும் ஒரு கிளிஞ்சலும் ஒட்டியிருந்தன.

"பாருங்க, காக்காவும் நம்மளாட்டம் வந்து ஏறினவருதான்," என்றாள் சாந்தகுமாரி.

"மெல்லப் பேசுடி, அவருக்குத் தமிழ் தெரியாது."

"தெரியாதுன்னா எதுக்கு மெல்லப் பேசணும்?"

திரும்பாதது ஒன்றே ஒன்று. பதினோரு வருடமாகச் சொந்தக்காரர் இல்லாமல் மூலையில் துருப்பிடித்துக் கிடந்த ஸ்கூட்டர். புனேயிலேயே, ஆகுர்டி ஸ்கூட்டர் தொழிற்சாலையில் பிறந்தது. நோட்டீஸ்படி மொத்தக் குடியிருப்பையும் அதற்குத்தான் வாடகைக்கு விட வேண்டியிருக்கும். காக்கா நோட்டீஸைத் தானே கிழித்தார். மறுநாள் ஆரோக்கியசாமியின் ஒப்பந்தத்துக்குச் சம்மதக் கடிதமும் எழுதிக் கொடுத்தார். அன்று ஆரோக்கியசாமி இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு நான்கு மணிவரை தூங்கினார். ஷீலாவுக்கு அந்த வீட்டிலிருந்தபோதே பெண் குழந்தை பிறந்தது.

வண்டிகள் இன்றும் திரும்புகின்றன. யாரும் எழுந்து பார்ப்பதில்லை. குறுக்கும் நெடுக்குமாக நிற்பதால், நாற்பது வண்டி நின்ற இடத்தில் இப்போது இருபத்தாறுதான் நிற்கிறது.