நாகேஸ்வரியின் வருடப்பிறப்புச் சேலை

1937ஆம் ஆண்டு சித்திரை வருடப்பிறப்பன்று, காலை எட்டேகால் மணிக்கு, யாழ்ப்பாணத்து இணுவிலில் தம்பிஐயாவின் வீட்டுக் கிணற்றடியில், அவருடைய தங்கை நாகேஸ்வரி உடுத்திருந்த வெள்ளைச் சேலை சிவப்பாக மாறியது. மஞ்சள் கரையும் வந்தது. கோயிலிலிருந்து கொண்டுவந்த, மூலிகை காய்ச்சிய மருத்துநீரை உச்சியில் வைத்துக்கொண்டு, ஒரு வாளி தண்ணீரைத் தலையில் ஊற்றிவிட்டு அவள் கண்ணைத் திறந்தபோது காரியம் முடிந்திருந்தது. அந்த வாரம் சந்தையில் வெங்காயம் மலிவு, மழை இல்லை, வேறு விசேஷம் எதுவும் ஊரில் நடக்கவில்லை.

நாகேஸ்வரிக்கு அப்போது இருபத்தெட்டு வயது. கணவன் நமசிவாயம் அநுராதபுரத்தில் சர்வேக் கந்தோரில் வேலை பார்த்தபோது காய்ச்சல் கண்டு இறந்து ஆறு வருடமாகியிருந்தது. அவர்கள் சேர்ந்து வாழ்ந்தது எட்டே மாதம். அதற்கு முன்பெல்லாம் ஊரில் எந்தப் பெண்ணுக்குக் கலியாணம் என்றாலும் உடுப்பிக்க நாகேஸ்வரிதான் வேண்டும். அவள் கூறைச்சேலைக்குக் கொசுவம் வைத்தால், தாலி கட்டி, வலம் வந்து, ஊர்ச்சனம் முழுவதும் வாழ்த்தி முடியும்வரை ஒரு மடிப்புக் கலையாது. வெள்ளை உடுத்த அன்றோடு அந்த அழைப்பெல்லாம் நின்றது. கணவனை இழந்தவளின் கை மணப்பெண் மேல் படக்கூடாது அல்லவா? ஆனால் அவளுடைய யோசனை இல்லாமலும் ஊருக்கு முடியவில்லை. கைக்கு மட்டும்தான் தடை, வாய்க்கு இல்லை என்று பெண்கள் தங்களுக்குள் ஒரு முடிவுக்கு வந்து, முன் படலைக் கதவால் வராமல், குசினிக்குப் பின்னால் கிடுகுவேலி கொஞ்சம் விலகியிருந்த இடத்தில் வந்து நின்று கேட்டுப் போனார்கள்.

அவளும் முகம் கோணாமல் சொல்லுவாள். சித்திரை வைகாசியில் கலியாணம் என்றால் குங்குமத்துக்கு அடியில் தேன்மெழுகு தொட்டு வையுங்கள், இல்லாவிட்டால் தாலி கட்டும் நேரத்தில் பொட்டு மூக்கு நுனியில் நிற்கும். ஆவணியில் நல்லூர்த் தேருக்குப் பட்டு உடுத்தாதீர்கள், சனத்துக்குள் நசிந்து போகும். நல்ல நூல்சேலை போதும். மார்கழித் திருவெம்பாவைக்கு விடிய முழுகுகிறவர்கள் ஈரத்தலையைப் பின்னக்கூடாது, நுனியில் ஒரு முடிச்சுப் போட்டு விட்டால் போதும். டின் பவுடரை முகத்தோடு நிறுத்தினால் முகம் ஒருத்தியுடையது, கழுத்து இன்னொருத்தியுடையது என்று ஆகிவிடும். கறுத்த பிள்ளைக்கு வெளிறின நிறம் உடுத்தி அவளை வெள்ளையாக்கப் பார்க்காதீர்கள். அரக்கு நிறம் கொடுங்கள், அவள் நடந்து வரும்போது சபை எழும்பும். பட்டணத்தில் படம் எடுக்கப் போகிறவர்கள் நீலம் உடுத்தினால் படத்தில் வெள்ளையாக விழும், சிவப்புக் கறுப்பாக விழும், பிறகு என்னிடம் வந்து அழக்கூடாது. கேட்டு நடந்தவர்கள் வடிவாக இருந்தார்கள். கேட்காதவர்களின் படங்கள் இன்னும் சில வீட்டுச் சுவர்களில் தொங்குகின்றன.

தம்பிஐயாவுக்கு ஒரே மகள், குணலட்சுமி. அவளுக்கு எட்டு வயதாயிருந்தபோது நாகேஸ்வரி வெள்ளையோடு அந்த வீட்டுக்கு வந்தாள். அன்றிலிருந்து பிள்ளைக்குத் தலை வாரி இழுத்ததும் கண்ணுக்கு மை போட்டதும் மாமிதான். அந்தப் பிள்ளையைத் தன் கையால் கூறை உடுத்தி மணவறைக்கு அனுப்பவேண்டும் என்பதுதான் நாகேஸ்வரிக்கு மிஞ்சியிருந்த ஒரே ஆசை. அது நடக்காது என்பதும் அவளுக்குத் தெரியும். குணலட்சுமி பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்கன்றே அவளைக் குசினிக் கதவுக்குப் பின்னால்தான் நிற்க வைத்தார்கள். அன்று பிள்ளையின் சேலைத் தலைப்பு ஒரு பக்கம் இறங்கிக் கிடந்ததைப் பார்த்துக்கொண்டு, போய்ச் சரிபண்ண முடியாமல் அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

சிவந்த சேலையை முதலில் கண்டவள் தம்பிஐயாவின் மனைவி பூரணம். "ஐயோ நாகேசு, உதென்ன கோலம்? ஆர் தந்தது உனக்கு உதை?" என்று கத்தினாள்.

"மச்சாள், நான் வெள்ளைதான் உடுத்தனான்."

பூரணம் அவளை அறைக்குள் தள்ளி வேறொரு வெள்ளைச் சேலை கொடுத்தாள். கொசுவம் வைத்து முடிய முதலே அதுவும் சிவந்தது. மூன்றாவதும் அப்படியே. அதற்கு மேல் வீட்டில் இருந்த வெள்ளை தம்பிஐயாவின் வேட்டிகள் மட்டும்தான். அவற்றை வைத்துப் பரீட்சை பார்க்க அவர் சம்மதிக்கவில்லை. ஆகவே நாகேஸ்வரியை அறையில் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். உள்ளே அவள் முந்தானையை மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்தைவிடச் சந்தோஷம் கூட இருந்தது, அதுவும் உண்மை. பொழுதுபட்டதும் மூன்று சேலைகளும் வெள்ளைக்குத் திரும்பின.

வேலிக்குள் ஓட்டை இருக்கும் ஊரில் ரகசியம் எத்தனை நாள் நிற்கும்? மறுநாளே பள்ளிக்கூடத்துச் சட்டம்பியார் முருகேசு வந்து விசாரித்தார். வருடப்பிறப்பன்று எந்த நிறத்தில் உடுக்கவேண்டும் என்று பஞ்சாங்கம் சொல்வதும், அதன்படி ஊர் உடுப்பதும் வழக்கம். கரைச்சல் என்னவென்றால் யாழ்ப்பாணத்தில் பஞ்சாங்கம் இரண்டு. இரண்டும் எப்போதாவதுதான் ஒத்துப்போகும். அந்த வருடம் ஒன்று சிவப்பு என்றும் மற்றது பச்சை என்றும் சொல்லியிருந்தன. சட்டம்பியார் சிவப்புக் கட்சி. நாகேஸ்வரியின் சேலையே தங்கள் பஞ்சாங்கம் சரியென்று தீர்ப்புச் சொல்லிவிட்டதாக அவர் சந்திக்குச் சந்தி நின்று கதைத்தார். அடுத்த வருடம் சேலை மற்றப் பஞ்சாங்கத்தின்படி நீலமாகியது. சட்டம்பியார் இரண்டு கிழமை வீட்டுக்கு வெளியே வரவில்லை. 1939இல் சேலையின் உடல் ஒரு பஞ்சாங்கத்தின் நிறத்திலும் முந்தானை மற்றதன் நிறத்திலும் வந்தன. அத்தோடு அந்தச் சண்டை ஓய்ந்தது.

ஓயாதது பூரணத்தின் கவலை. குணலட்சுமிக்குப் பேசி வந்த இரண்டு சம்பந்தங்கள் சொல்லாமல் கொள்ளாமல் விலகிப் போயின. வெள்ளை நிற்காத கைம்பெண் இருக்கிற வீட்டில் பெண் எடுப்பதா என்று அவர்கள் கேட்டதாகக் காதில் விழுந்தது. நாகேஸ்வரி உடைந்துபோனாள். தன் ஆசை போகட்டும், பிள்ளையின் வாழ்வே தன்னால் தடைப்படுகிறதே என்று நினைத்து, தெல்லிப்பழையில் ஒரு தூரத்து உறவினர் வீட்டில் போய் இருக்க ஆயத்தமானாள். குணலட்சுமி வழியை மறித்தாள். "மாமி, நீங்கள் போனால் நான் ஒருத்தருக்கும் கழுத்து நீட்டமாட்டன். உங்கடை கையாலை உடுத்தினால்தான் மணவறை. இல்லாட்டி எனக்குக் கலியாணமே வேண்டாம்." பெண்ணின் பிடிவாதம் தாய்வழி, ஆகவே தாய்க்கும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

1940இல் மூன்றாவது சம்பந்தம் சாவகச்சேரியிலிருந்து வந்தது. மாப்பிள்ளையின் தகப்பன் தியாகராசா கோர்ட்டில் முதலியார் உத்தியோகம் பார்த்தவர். மூச்சிழுப்பு வருத்தம் கடுமையாகி வேலையை விட்டிருந்தார். வருடப்பிறப்பன்று நல்ல நேரத்தில் நேரில் வந்து பேச்சை முற்றாக்குவதாகச் சொல்லி அனுப்பினார்கள். அந்த நாளை அவர்கள் ஏன் தெரிந்தெடுத்தார்கள் என்பது எல்லோருக்கும் விளங்கியது. தம்பிஐயா கடைக்கு ஓடினார். இரண்டு பஞ்சாங்கத்தையும் வாங்கி, பக்கத்தைப் புரட்டினார். இரண்டிலும் வெள்ளை என்று போட்டிருந்தது. மூன்று வருடமாக அடக்கி வைத்திருந்த மூச்சை அவர் அப்போதுதான் விட்டார். வெள்ளை மாறினாலும் வெள்ளைதானே? தங்கை வீட்டிலேயே இருக்கட்டும், யார் வந்து எதைப் பார்த்துவிடப் போகிறார்கள் என்று பூரணத்திடம் சொன்னார். பூரணமும் அன்றிரவு நிம்மதியாகப் படுத்தாள்.

வருடம் பிறந்தது. ஊர் முழுவதும் வெள்ளை உடுத்தது. தம்பிஐயாவின் வீட்டில் மட்டும் உறவினர்களோடு சேர்த்து ஏழு பெண்கள், ஏழு பேரும் வெள்ளை. நாகேஸ்வரி கடைசியாக முழுகினாள். வெள்ளை மாறவில்லை என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஆனால் கிணற்றடியில் நின்ற குணலட்சுமி பார்த்தாள்: கைம்பெண்ணின் மங்கின நூல்வெள்ளை, வருடப்பிறப்பின் பட்டுவெள்ளையாக மாறி, ஓரத்தில் மெல்லிய சரிகையும் ஓடியது. அதை யாருக்கும் சொல்ல நேரமில்லை. படலையில் ஆட்கள் வந்துவிட்டார்கள்.

மாப்பிள்ளையின் தாய் சிவக்கொழுந்து நல்ல மனுஷி, ஆனால் சகுனம் என்றால் உயிர். கணவனுக்கு இழுப்புக் கண்ட நாளிலிருந்து நெற்றிப் பொட்டுக் கொஞ்சம் கலைந்தாலே அவருக்கு நெஞ்சு படபடக்கும். அந்த வீட்டுக் கைம்பெண்ணின் முகத்தில் முழிக்கக்கூடாது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தார். உள்ளே வந்து பார்த்தால் யார் கைம்பெண் என்று தெரியவில்லை. சேலை எல்லாம் வெள்ளை. நெற்றிகளைப் பார்த்தார், எல்லோருக்கும் திருநீறு நிறைய. அவசரத்தில் பூரணமே மெழுகு வைக்க மறந்து, வியர்வையில் கரைந்த குங்குமத்தைத் துடைத்துவிட்டுத்தான் நின்றாள். அது போதாதென்று, இரண்டு பஸ் மாறி வந்ததில் சிவக்கொழுந்தின் பொட்டும் கரைந்து மூக்குவரை இறங்கியிருந்தது. சுவர்க் கண்ணாடியில் அதைக் கண்டவுடன் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஏழு பேரில் எவளுடைய கை நடுங்காமல் இருந்ததோ, அவளைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, ஒருக்கா இஞ்சை வாரும். உதைச் சரிபண்ணி விடும். எனக்குப் பதறுது."

நாகேஸ்வரியின் கை அவளைக் கேட்காமலே வேலை செய்தது. ஈரத்துணியால் துடைத்தது, மெழுகு தொட்டது, மோதிரவிரலால் குங்குமத்தை எடுத்து நடு நெற்றியில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றியது. ஒன்பது வருடம் சும்மா கிடந்த கை. அவருடைய அவிழ்ந்திருந்த கொசுவத்தையும் அப்படியே மடித்துச் செருகிவிட்டது. வெற்றிலைத் தட்டத்தோடு வந்த தம்பிஐயா வாசலிலேயே நின்றுவிட்டார்.

சிவக்கொழுந்து கண்ணாடியைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "என்ரை கலியாணத்தண்டும் எனக்கு இப்பிடி வடிவாய் ஒருத்தரும் வைச்சுவிடேல்லை. எங்கடை மருமகளை நீர்தான் உடுப்பிக்கவேணும். நீர் ஆருடைய பிள்ளை?"

"நான் தம்பிஐயாவின்ரை தங்கச்சி."

சிவக்கொழுந்துக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. விளங்கியதும் சேலைத் தலைப்பால் நெற்றியை அழுத்தித் துடைத்தார். பொட்டு அழியவில்லை. தண்ணீர் கேட்டுக் கழுவினார். தேங்காயெண்ணெய் பூசித் தேய்த்தார். நெற்றி சிவந்ததே தவிர, பொட்டு வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. நாகேஸ்வரி கையைச் சேலைக்குள் ஒளித்து, நிலத்தைப் பார்த்தபடி நின்றாள். குணலட்சுமியின் கலியாணம் இதோடு முடிந்தது என்றுதான் அவள் நினைத்தாள்.

அப்போது யன்னலோரம் காற்றுக்காக உட்கார்ந்திருந்த தியாகராசா கதைத்தார். "விடுமப்பா. போகாத பொட்டை என்னத்துக்கு அழிக்கிறீர்? நான் உயிரோடை இருக்கிறது உமக்குப் பிடிக்கேல்லையோ?"

சிவக்கொழுந்தின் கை நின்றது. கணவனைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், மறுபடி கணவனைப் பார்த்தார். பிறகு அப்படியே நிலத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். ஐந்து வருடப் பயம் அது. அழுது முடித்து எழும்பி, நாகேஸ்வரி ஒளித்து வைத்த கையை வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு, வாசலில் நின்ற தம்பிஐயாவிடம், "தட்டத்தை உள்ளுக்குக் கொண்டு வாருங்கோ, நல்ல நேரம் போகப் போகுது" என்றார்.

வைகாசியில் கலியாணம். நாகேஸ்வரி குணலட்சுமியை உடுப்பித்தாள். முன் வாசலால், எல்லோரும் பார்க்க, கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிவந்தாள். தலைப்பு இறங்கவில்லை, மடிப்புக் கலையவில்லை. முணுமுணுக்க நினைத்தவர்கள் சம்பந்தி அம்மாவின் நெற்றியைப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். அந்தப் பொட்டுப் பிறகும் அழியவில்லை; தியாகராசாவின் இழுப்பும் அவரைக் கொண்டுபோகவில்லை. 1949இல் அவருடைய அறுபதாம் கலியாணத்துக்கும் சிவக்கொழுந்து அதே பொட்டோடுதான் வந்திருந்தார். வேலியில் இருந்த ஓட்டையைத் தம்பிஐயா கிடுகு வைத்து அடைத்தார். பெண்கள் படலையால் வரப் பழகினார்கள்.

1941 பங்குனிக் கடைசியில் தம்பிஐயா பட்டணம் போய்வந்தார். அந்த வருடமும் பஞ்சாங்கங்கள் பிரிந்திருந்தன: ஒன்று பச்சை, மற்றது மஞ்சள். அவர் பொதியை அவிழ்த்தார். மஞ்சள் கரை போட்ட பச்சைச் சேலை. தங்கையின் முகத்தைப் பாராமல் நீட்டினார்.

"இந்தா. அது மாறிக் கஷ்டப்படாமல், முதலே சரியாய்க் கிடக்கட்டும்."

வருடப்பிறப்பன்று அயலவர்கள் வழக்கம்போல வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். சட்டம்பியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முன்னுக்கு நின்றார். நாகேஸ்வரி பச்சைச் சேலையோடு கிணற்றடியில் நின்று, மருத்துநீர் வைத்து, தண்ணீரை ஊற்றிக் கண்ணைத் திறந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. சேலை பச்சையாகவே நின்றது. அயலவர்கள் கொஞ்சம் ஏமாந்து, பொங்கல் ஆறிப்போகும் என்று வீடுகளுக்குத் திரும்பினார்கள். இரவு பூரணம் விளக்கேற்றிக்கொண்டு வந்து, தன்னையறியாமல் நாகேஸ்வரியின் முந்தானையை ஒருமுறை பார்த்தாள். பொழுதுபட்டு வெகு நேரமாகியிருந்தது. அது வெள்ளைக்குத் திரும்பவில்லை.