பிரசவப் பெட்டியில் ஒரு மோலி

அன்று ட்ரூடி வீட்டு நிலவறையில் இருந்தவர்கள்: மீன் வளர்ப்போர் சங்கத் தலைவர் வெர்லின், மான் வேட்டையிலிருந்து நேராக, கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறக் கோட்டோடு; செயலாளர் லோரைன், மடியில் டோனட் பெட்டியோடு; தலைவரின் மச்சான் கோர்டி, சும்மா; வீட்டுக்காரி ட்ரூடி; கண்ணாடித் தொட்டியில் கறுப்பு மோலி மீன் குட்டிகள்; பக்கத்தில் காகிதத் துண்டின் மேல் அவற்றைப் பெற்றவள். பெற்றவள் காலையில் செத்திருந்தாள்.

சங்கத்தின் சட்டம் எளிது. குட்டி போடும் மீனை வளர்த்துக் காட்டினால் பதக்கம். ஆனால் தாயையும் குட்டிகளையும் ஒன்றாகச் சங்கத்து ஆள் கண்ணால் பார்த்தாக வேண்டும். முன்பு ஒரு பல் மருத்துவர் கடையில் குட்டி வாங்கி வந்து, தன் மீன் பெற்றதென்று சாதித்துவிட்டார். அதனால் வந்த சட்டம். அவர் பதக்கத்தோடு புளோரிடாவுக்குப் போய்விட்டார். சட்டம் விஸ்கான்சினில் தங்கிவிட்டது.

மோலி குட்டி போட்டது மான் வேட்டை தொடங்கிய அன்று. அந்த வாரம் அங்கே யாரும் பிறக்கவும் கூடாது, சாகவும் கூடாது; எட்டிப் பார்க்க ஆள் கிடைக்காது. ட்ரூடி போன் செய்தபோது வெர்லின் மரத்தின் மேல் பரணில் உட்கார்ந்திருந்தார்.

"தாய பெட்டியிலயே வை. நான் வந்து பாக்கறேன்," என்று கிசுகிசுத்தார்.

பெட்டி என்பது தொட்டிக்குள் தொங்கும் உள்ளங்கை அகல பிளாஸ்டிக் டப்பா. போட்ட குட்டியைத் தாயே விழுங்கிவிடாமல் இருக்க, பிரசவ நேரத்தில் தாயை அதில் விடுவார்கள். குட்டிகள் அடித்தட்டின் இடுக்கு வழியாக விழுந்து தப்பித்துக்கொள்ளும். தாயைச் சில மணி நேரத்தில் வெளியே விட்டுவிட வேண்டும். இவள் நாள் கணக்கில் கிடந்தாள். திரும்பக்கூட இடமில்லை. ட்ரூடி மறுபடியும் போன் செய்தாள்.

"துடுப்ப மடக்கிக்கிட்டு மேலயே கெடக்கு. வெளிய விட்டுரவா?"

"விட்டா, இருக்கற மோலியில எது தாய்னு நான் எப்படி நம்பறது? மான் வருது, போன வை."

ட்ரூடி போனை வைத்தாள்; மீனையும் பெட்டியிலேயே வைத்தாள். பதக்கம் அவளுக்கு வேண்டியிருந்தது. அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. பகலெல்லாம் பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசிப்பவள். சங்கத்தில் சேர்ந்த நாளிலிருந்து காபி போட்டுக் கோப்பை கழுவியதைத் தவிர வேறு பதவி வகித்ததில்லை. ஆனால் இப்போது அவளுக்கு வேண்டியது வேறு. மீன் எதனால் செத்தது என்று வெர்லின் தன் வாயால் சொல்ல வேண்டும்.

வெர்லின் சோதனைத் தாளைத் தொட்டியில் நனைத்து வெளிச்சத்தில் பிடித்தார். "தண்ணி ரொம்பக் கடினம்."

"மோலிக்குக் கடினத் தண்ணிதானே பிடிக்கும்?" என்றார் லோரைன்.

"பிடிக்கும். அதுக்குன்னு இவ்வளவா?"

"வயசாயிருக்கும்."

"ஒரு வயசுதான் ஆகுது," என்றாள் ட்ரூடி.

"மீனுக்கு அது வயசுதாம்மா. எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான், நல்லா சாப்பிட்டுட்டு டிவி பாத்துக்கிட்டு இருந்தாரு..."

"அவரும் குட்டி போட்டாரா?" என்றான் கோர்டி. பிறகு ட்ரூடியிடம் திரும்பினான். "பேரு கீரு வச்சியா இதுக்கு?"

"டோலரஸ்."

"அதான். பேரு வச்சா செத்துரும்."

"ஒரு வாரமா அந்த டப்பாக்குள்ளயே கெடந்துச்சே, தலைவரே. அதனால இருக்குமா?" என்றாள் ட்ரூடி.

லோரைன் ஒரு டோனட் எடுத்தார். கோர்டி நிலவறையின் கூரையை ஆராய்ந்தான்.

"பெட்டிமேல பழி போடாத, ட்ரூடி. எத்தனையோ மீன் இருந்த பெட்டி."

"ஒரு வாரமா?"

"சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல." வெர்லின் யோசித்தார். முகம் தெளிந்தது. "சட்டம் என்ன சொல்லுது? தாயும் குட்டியும் ஒண்ணா இருக்கணும். உயிரோட இருக்கணும்னு சொல்லல."

செத்த மோலியை வாலைப் பிடித்துத் தூக்கிக் குட்டிகளுக்கு நேராகக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தார். குட்டிகள் சிதறி ஓடின.

"நான் பாத்துட்டேன். லோரைன், நீ?"

"பாத்தேன் பாத்தேன்," என்றார் லோரைன், வாய் நிறைய சர்க்கரையோடு.

"பதக்கம் உனக்குத்தான், ட்ரூடி. அடுத்த கூட்டத்துல நானே குத்திவிடறேன். குட்டிங்கள ஏலத்துக்கு எடுத்துட்டு வந்துரு. சரி, காபி இல்லையா?"

ட்ரூடி அவர் விரல்களிலிருந்து மீனை வாங்கிக் காகிதத் துண்டில் வைத்தாள். "மேல வாங்க," என்றாள்.

காபிக்குத்தான் என்று மூவரும் படியேறினார்கள். அவள் சமையலறையைத் தாண்டிப் போய் வாசல் கதவைத் திறந்தாள். குளிர் உள்ளே வந்தது. லோரைனும் கோர்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இறங்கிப் போனார்கள். வெர்லின் மட்டும் படியில் நின்றார்.

"சட்டத்த வளைச்சுக் குடுத்திருக்கேன். ஒரு நன்றிகூட இல்லையா?"

"வெர்லின், அது எதனால செத்துச்சு?"

அவர் தெருவில் நின்ற தன் வண்டியைப் பார்த்தார். பின்பக்கத்தில் மான் நாக்கைத் தள்ளியபடி கிடந்தது.

"மீனுன்னா சாகத்தான் செய்யும்," என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

ட்ரூடி அவர் முதுகுக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினாள்.