வாலில் ஒரு சாண்

"ஆடுதா?"

"ஆடுதாவா? நடுவுல ஒரு எலி குடும்பமே நடத்தலாம், அண்ணி."

நாத்தனார் புதுக் குழாயைப் பழைய குழாயின்மேல் மாட்டி ஆட்டிக் காட்டினாள். கடகடவென்று சத்தம் வந்தது. வெல்டிங் வேலை செய்வதால் அவளுக்கு வீட்டில் பொறி என்று பெயர். அண்ணி பல் டாக்டர். வாரம் முழுக்க ஊராரின் வாய்க்குள் குனிந்து கிடப்பவள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் நிமிர்ந்து மேகத்தைப் பார்ப்பாள். பட்டறை நடுவே இறக்கை கழற்றிக் கிடந்த கிளைடர் அவளுடையது. இன்ஜின் இல்லாமல் காற்றை மட்டும் நம்பிப் பறக்கிற, அவளைவிட வயதான விமானம்.

"நீதானே அளந்த?"

"நான்தான். ஆனா குழாயை அளக்கல, பெயின்ட்டை அளந்திருக்கேன். பத்தவைக்கலாம்னு சுரண்டினா சிவப்பு, அதுக்குக் கீழ பச்சை, அதுக்குக் கீழ மஞ்சள். வெங்காயம் தோத்துது போங்க."

"நல்லவேளை, நீ பல் டாக்டர் ஆகல."

பொறி சிரித்தாள். அண்ணியும் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

வால் பக்கத்தில் ஒரு குழாய் துருப்பிடித்திருந்தது. அந்த விமானத்தில் குழாய்கள் மூக்கிலிருந்து வால்வரை ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து சிறுத்துக்கொண்டே போகும். துருவை மூடி உறைபோல மாட்ட அடுத்த பெரிய அளவில் ஒரு சாண் கிடைத்தால் போதும். ஆனால் பெயின்ட்டைச் சுரண்டிய பிறகு வந்த உண்மையான அளவுக்குப் பொருந்துகிற குழாயை இப்போது யாரும் செய்வதில்லை. அந்த விமானத்தைச் செய்த தொழிற்சாலையே எப்போதோ மூடிவிட்டது. அண்ணி நோயாளிகளின் வாயில் பஞ்சை வைத்துவிட்டு இரும்புக் கடைகளுக்குப் போன் போட்டாள். ஒரு கடைக்காரர், "கிடைச்சா எங்களுக்கும் ஒண்ணு சொல்லுங்க" என்றார். இன்னொருவர் தண்ணீர்க் குழாய் தரட்டுமா என்று கேட்டார். "அது பறக்காதுங்க, சொட்டும்" என்று வைத்துவிட்டாள்.

சோதனை செய்யும் அதிகாரியோ கறார். அதே அளவு, அதே எஃகு, அல்லது அதே வகை விமானத்திலிருந்து எடுத்தது. இல்லையென்றால் கையெழுத்துக் கிடையாது. கையெழுத்து இல்லாத விமானத்துக்கு இந்த மாதத்தோடு கொட்டகையில் இடமும் கிடையாது.

"அப்ப அந்த ஓட்டல்காரர்கிட்ட சரின்னு சொல்லிட வேண்டியதுதான்" என்றாள் அண்ணி, கையைத் துடைத்துக்கொண்டே.

ஓட்டல்காரர் ரொம்ப நாளாக அந்தக் கிளைடரைக் கேட்டுக்கொண்டிருந்தார். பறக்க அல்ல, மேலே தொங்கவிட. அவருடைய கூடத்தில் ஏற்கெனவே ஒன்று தொங்குகிறதாம். ஜோடி சேர்க்க வேண்டுமாம். இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து அண்ணி அந்தத் தெருப்பக்கமே போனதில்லை.

இன்று போனில் சரி என்று சொல்லிவிட்டு இருவரும் போனார்கள். மதியக் கூட்டம் ஓய்ந்து, மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டல்காரர் வாசலுக்கே ஓடி வந்தார்.

"வாங்க டாக்டரம்மா, வாங்க! உங்களோடது ஜன்னல் பக்கம். வெளிச்சம் மூக்குமேல விழும். இதுக்குப் பக்கத்துல நின்னா ராஜா ராணி மாதிரி இருக்கும்."

அண்ணி தரையைப் பார்த்தபடி தலையாட்டினாள். பொறிதான் அண்ணாந்து பார்த்தாள். உத்தரத்தின் கீழே வெள்ளித்தாள் ஒட்டிய ஒரு விமானம், இறக்கையில் மின்விளக்குச் சரத்தோடு, தொட்டில்போல மெல்ல அசைந்தது. வால் பக்கம் துணி கிழிந்து எலும்பு தெரிந்தது.

"அண்ணி."

"என்ன?"

"கொஞ்சம் மேல பாருங்க. அந்த எலும்பைப் பாருங்க."

அண்ணி பார்த்தாள். மூன்று குழாய்கள், ஒன்றுக்குள் ஒன்றாக, சிறுத்துக்கொண்டே. சட்டென்று ஓட்டல்காரர் பக்கம் திரும்பினாள்.

"சார், ஒரு ஏணி கிடைக்குமா?"

"எதுக்கும்மா? தூசியா?"

ஏணி வந்ததும் அண்ணி ஏறினாள். ஓட்டல்காரரே ஏணியைப் பிடித்துக்கொண்டார். வாலில் அடித்திருந்த தகரத் தகட்டில் அவளுடைய விமானத்தின் வகைப்பெயரே இருந்தது, அதே தொழிற்சாலையின் முத்திரையோடு. அவள் விரல் குழாயைத் தடவிக்கொண்டு போனது. துரு இல்லை. இத்தனை வருடம் சூப் ஆவியில் நனைந்தும் ஒரு புள்ளிகூட இல்லை.

"எப்படி வச்சிருக்கேன் பாத்தீங்களா?" என்று கீழேயிருந்து அவர் பெருமையாகக் கேட்டார். "சின்னப் பசங்க இதைப் பாக்கத்தான் அப்பா அம்மாவை இங்க இழுத்துட்டு வருதுங்க. என் பொண்டாட்டி சொல்லுவா, அவளைவிட இதைத்தான் நான் அதிகம் பாக்கறேன்னு."

பொறி வேறுபக்கம் திரும்பி இருமினாள். அண்ணி ஏணியில் பாதி இறங்கி, அவர் கண்ணுக்கு நேராக நின்றாள்.

"சார், தப்பா நினைக்காதீங்க. உங்களுக்குக் குடுக்கறதா சொன்னதை நான் குடுக்காம இருக்கணும். அதுக்கு, இதோட வால்ல ஒரு சாண் வெட்டிக்கட்டுமா?"