வைத்த கொட்டை வைத்ததுதான்

மலாயாவுக்கு மெர்டேக்கா என்னும் சுதந்திரம் கிடைத்ததும் தேவதாஸ் கதையாட்டம் கண்டுபிடித்ததும் ஒரே ஆண்டில் நடந்தன. இரண்டில் எது பெரிது என்பதைச் சரித்திரமே தீர்மானித்துக்கொள்ளட்டும் என்று தேவதாஸ் அடக்கத்தோடு விட்டுவிட்டான். பக்கத்து வீட்டு விஜயா மெச்ச வேண்டும் என்பதற்காகவே இரண்டாவது நடந்தது என்பதை மட்டும் சரித்திரத்திடம் அவன் சொல்லவில்லை.

காஜா பேராங் ஊரில் தன் வீட்டின் சிமெண்டுத் தரையில் சாக்கட்டியால் பாதை போட்டிருந்தான். பாதை பிரியும் இடமெல்லாம் கதையும் பிரியும். ஒருவர் கதை சொல்ல, இன்னொருவர் ரப்பர் கொட்டையை நகர்த்தி இளவரசனுக்கு வழி காட்ட வேண்டும். தப்பான பக்கம் வைத்தால் இளவரசன் காலி.

தங்கை மல்லிகாவின் இளவரசன் மறுபடியும் புலி வாயில் போய் விழுந்தான்.

"அண்ணே, ஒரு கட்டம் பின்னால வச்சுக்கறேன்லா. தெரியாம வச்சுட்டேன்."

"அழுகுணி ஆட்டமா? வச்சது வச்சதுதான். புலிகிட்டப் போயி, தெரியாம வந்துட்டேன், துப்பிடுன்னு கேப்பியா?"

விஜயா சிரிப்பாள் என்று ஓரக்கண்ணால் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை.

"இப்ப நான் கதை சொல்றேன். நீங்க வைங்க," என்றாள். வழக்கமாக ஒட்டிக்கொண்டு வரும் 'அண்ணே' இன்றைக்கு எங்கேயோ தொலைந்து போயிருந்தது.

"இதே காஜா பேராங்ல ஒருத்தன். அவன் அம்மா அவனுக்குப் பொண்ணு பார்த்துட்டாங்க. இந்தப் பக்கம் வச்சா, சரிங்கறான். அந்தப் பக்கம் வச்சா, பொண்ணு யாருன்னுகூடக் கேக்காம வேணாங்கறான்."

தேவதாஸ் கண்ணை மூடி யோசித்தான். சுலபமான பாதையில்தான் புலி இருக்கும். அது அவனே போட்ட விதி. மேலும், அம்மா சொன்னதும் தலையாட்டுகிற வீரனை விஜயா எப்படி மெச்சுவாள்? கொட்டையை அந்தப் பக்கம் ஓங்கி வைத்தான்.

"ஆள் காலி," என்றாள் விஜயா.

"புலி எங்கே?"

மல்லிகா தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ அண்ணே! நேத்து அம்மா இவங்க வீட்டுக்குத்தான் பேசப் போனாங்க!"

விஜயா எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "அப்பா உங்க பதிலுக்குக் காத்துக்கிட்டு இருக்காரு. இதையே போய்ச் சொல்லிடவா?"

தேவதாஸ் கூரையில் எதையோ மும்முரமாக ஆராய்ந்தான். அவனுடைய சுண்டுவிரல் மட்டும் தரையோடு தரையாக ஊர்ந்து போய், கொட்டையை ஒரு கட்டம் பின்னுக்கு இழுத்து, இந்தப் பக்கம் தள்ளிவிட்டது.